சீட்டித் துணியின் பேரேடு



'சீட்டி' என்ற சொல்லை நம்மில் ஐம்பதைத் தாண்டியவர்கள் எல்லோரும் கேட்டிருப்போம். சீட்டிப் பாவாடை, சீட்டித் தலையணை உறை, சீட்டித் துணியில் தைத்த மெத்தை உறை. பூப்போட்ட பருத்தித் துணி, விலை குறைவு, துவைக்கத் துவைக்க வெளுக்கும். "சீட்டிதானே, வீட்டுக்குப் போட்டுக்க ஆகும்" என்று சற்று இளக்காரமாகத்தான் அதைச் சொல்வது வழக்கம்.

இந்தச் சீட்டிக்கு ஒரு காலத்தில் இருந்த மதிப்பே வேறு. ஐரோப்பிய மாளிகைகளின் படுக்கையறைகளில் அது தொங்கியது. அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று இங்கிலாந்தில் சட்டம் போட்டார்கள். பிரான்ஸில் 73 ஆண்டுகள் தடை இருந்தது. அந்தத் துணியில் மிக உயர்ந்த ரகம் போனது நம் கிழக்குக் கடற்கரையிலிருந்து.

நான் படித்தது வணிகவியல். வேலை பார்த்தது வங்கியில், பெரும்பாலும் பேரேட்டின் முன்னால். சரித்திரத்தை முறையாகப் படித்தவன் அல்ல. ஆனால் வியாபாரத்தின் கதையைப் பேரேடு போலப் படிக்கலாம் அல்லவா? யார் கொடுத்தார், யார் வாங்கினார், யார் பெயரில் வரவு ஏறியது, யார் பெயர் ஏட்டிலேயே இல்லை. இந்த இதழில் அப்படி ஒரு கணக்கைப் பார்ப்போம். நம் சமூகக் கூடத்துக்குப் புதிய திரைச்சீலை வாங்குவது பற்றிப் பேச்சு நடக்கும் நேரத்தில் இது பயன்படும் என்றும் நினைக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மிளகு வாங்கப் போன துணி

டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் கீழ்த்திசைக்கு வந்தது முதலில் துணிக்காக அல்ல. மிளகு, கிராம்பு, ஜாதிக்காய்க்காக. இந்தோனேசியத் தீவுகளுக்குப் போனபோதுதான் அவர்களுக்கு ஒன்று புரிந்தது. அங்கே வாசனைப் பொருள் விற்பவர்கள் விரும்பிக் கேட்டது சோழமண்டலக் கரையின் வண்ணத் துணியை. நம் கரையின் வணிகர்கள் வெகு காலமாக அவர்களுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பழக்கியிருந்தார்கள். ஆகவே மிளகு வேண்டுமானால் முதலில் துணி வேண்டும். துணி வேண்டுமானால் இந்தக் கரைக்கு வரவேண்டும்.

டச்சுக்காரர்கள் மசூலிப்பட்டினத்திலும், 1610-ல் பழவேற்காட்டிலும் இடம் பிடித்தார்கள். ஆங்கிலேயர்கள் 1611-ல் மசூலிப்பட்டினம் வந்தார்கள். 1639-ல் பிரான்சிஸ் டே என்ற கம்பெனி ஊழியர் மதராசப்பட்டினத்தைத் தேர்ந்தெடுத்தார். கப்பல் நிற்க வசதியான துறைமுகம்கூட இல்லாத அந்த மணல்வெளியை அவர் விரும்பியதற்குச் சொன்ன முக்கியக் காரணம், இங்கே நல்ல துணி மற்ற இடங்களைவிட மலிவாகக் கிடைக்கிறது என்பதுதான். சென்னையின் பிறப்புச் சான்றிதழே ஒரு ஜவுளி பில் என்று சொன்னால் தவறில்லை.

நகரத்தின் பேட்டைகளும் அப்படித்தான் வந்தன. கவர்னர் காலெட் பெயரால் வந்த காலடிப்பேட்டை, 1734-ல் நெசவாளர்களுக்காக ஏற்படுத்தப்பட்ட சிந்தாதிரிப்பேட்டை, துணி வெளுப்பவர்கள் குடியேறிய வண்ணாரப்பேட்டை. சின்னத் தறிப் பேட்டைதான் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள்.

மிளகுக்காக வாங்கிய துணியில் கொஞ்சம் லண்டனுக்கும் போனது. அங்கே அது பிடித்துப்போயிற்று. அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் அழகான துணி என்றால் பட்டும் கம்பளியும்தான். பட்டைத் துவைக்க முடியாது. கம்பளி கனம், பூச்சி அரிக்கும். அவர்கள் அச்சிட்ட துணியில் சாயம் தண்ணீர் பட்டால் ஓடிவிடும். இங்கிருந்து போன பருத்தித் துணியோ மெல்லியது, பளபளப்பானது. துவைத்தாலும் சிவப்பு சிவப்பாகவே இருந்தது. லண்டனில் நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பெப்பீஸ், 1663-ல் தன் மனைவியின் புதிய படிப்பறைச் சுவரை மூடுவதற்கு இந்தியச் சீட்டி வாங்கியதை அதில் குறித்திருக்கிறார்.

இதில் எனக்கு மிகவும் சுவையாகப் பட்டது 1643-ல் லண்டன் இயக்குநர்கள் இங்குள்ள ஊழியர்களுக்கு எழுதிய குறிப்பு. இதுவரை அனுப்பிய விரிப்புகளில் சிவப்புப் பின்னணி அதிகம், எல்லோருக்கும் அது பிடிக்கவில்லை, இனி வெள்ளைப் பின்னணியில் பூவும் கொடியும் வருமாறு அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். நம் ஓவியர்கள் அதற்கேற்ப மாற்றினார்கள். பிறகு அங்கிருந்து மாதிரிகளும் வந்தன. அவற்றைப் பார்த்து இவர்கள் தங்கள் கைப்பழக்கத்தில் வரைந்தார்கள். ஒரு சிறு குன்று, அதன்மேல் வளைந்து நெளிந்து ஏறும் ஒரு மரம், அந்த மரத்தில் உலகத்தில் இல்லாத பெரிய பெரிய பூக்கள். பாரசீகம், சீனம், ஆங்கிலப் பூத்தையல், நம் ஊர்க் கை எல்லாம் கலந்த வடிவம் அது. கட்டிலுக்கு மேல்விரிப்பாகவும் சுவர்த் தொங்கலாகவும் போன இந்தத் துணிக்கு 'பாலம்போர்' என்று பெயர். கட்டில் விரிப்பைக் குறிக்கும் 'பலங்போஷ்' என்ற சொல் திரிந்து வந்தது. இன்று கடையில் 'இங்கிலீஷ் ஃப்ளோரல்' என்று விரித்துக் காட்டும் டிசைன்களில் பலவற்றுக்கு இதுவே பாட்டி.

ஒரு விரிப்புக்குள் எத்தனை கைகள்

கடையில் நாம் பார்ப்பது பூவை மட்டும். அந்தப் பூ துணியில் நிற்பதற்கு எவ்வளவு வேலை என்று பாருங்கள்.

முதலில் துணியை நன்றாக வெளுத்து, கடுக்காய்ச் சாறு கலந்த எருமைப்பாலில் நனைத்துக் காயவைப்பார்கள். பாலிலுள்ள கொழுப்பு, எழுதும்போது சாயம் பரவாமல் தடுக்கும். பிறகு துணியை மரக்கட்டையால் அடித்து வழவழப்பாக்குவார்கள். காகிதத்தில் வரைந்த படத்தின் கோடுகளில் ஊசியால் துளையிட்டு, துணிமேல் வைத்துக் கரித்தூளைத் தட்டினால் படம் புள்ளி புள்ளியாக இறங்கும். அதன்மேல் மூங்கில் கலத்தால், அதாவது நுனியில் துணியோ மயிரோ சுற்றிய எழுதுகோலால், கோடு இழுப்பார்கள். கறுப்புக் கோட்டுக்கு இரும்பை ஊறவைத்த காடி. அது கடுக்காயோடு சேர்ந்ததும் கறுக்கும். சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகார நீர்.

இதில் ஒரு விசித்திரம். படிகார நீரில் நிறமே கிடையாது. எழுதுகிறவர் கண்ணுக்குத் தெரிய அதில் கொஞ்சம் வண்ணம் கலந்துகொள்வார், அவ்வளவுதான். பிறகு முழுத் துணியையும் சாயவேர் போட்ட கொப்பரையில் வேகவைப்பார்கள். படிகாரம் பட்ட இடத்தில் சிவப்பு பிடித்துக்கொள்ளும். மற்ற இடத்தில் ஏறிய சாயத்தைச் சாணத் தண்ணீரிலும் வெயிலிலும் வெளுத்து எடுத்துவிடலாம். இந்தச் சாயவேர் கடலோர மணலில் விளையும் ஒரு சின்னச் செடியின் வேர்.

நீலத்துக்கு வேறு வழி. அவுரிச் சாயத்தைக் கலத்தால் எழுத முடியாது. துணியைத் தொட்டியில் முக்கத்தான் வேண்டும். எனவே நீலம் வேண்டாத இடமெல்லாம் உருகிய தேன்மெழுகால் மூடி, முக்கி எடுத்து, வெந்நீரில் மெழுகை நீக்குவார்கள். பச்சை இலைக்கு நீலத்தின்மேல் மஞ்சள் பூசுவார்கள். இந்த மஞ்சள் மட்டும் நாளடைவில் மங்கிவிடும். அதனால்தான் அருங்காட்சியகங்களில் உள்ள பழைய சீட்டிகளில் இலைகள் நீலமாகத் தெரிகின்றன. வரைந்தவர் நீல இலை வரையவில்லை. நூற்றாண்டுகள் மஞ்சளைத் தின்றுவிட்டன. கடைசியில் கஞ்சி போட்டு, சிப்பியால் தேய்த்து மெருகேற்றுவார்கள்.

17ஆம் நூற்றாண்டின் கடைசியில் சோழமண்டலக் கரையில் இருந்த டேனியல் ஹாவார்ட் என்ற டச்சுக்காரர், கோதாவரி அருகேயுள்ள பாலகொல்லுவில் இந்த ஓவியர்கள் வேலை செய்வதைப் பார்த்து அவர்களுடைய பொறுமையை வியந்து எழுதினார். வேலை நகர்கிறதா இல்லையா என்றே தெரியாத வேகம் என்பது அவர் கருத்து.

நூற்றவர், நெய்தவர், வெளுத்தவர், வேர் தோண்டியவர், கோடு இழுத்தவர், மெழுகு தீட்டியவர். இத்தனை பேருக்கும் பணம் எப்படிப் போனது? கம்பெனி நேராக யாருக்கும் கொடுக்கவில்லை. காசி வீரண்ணா போன்ற பெரிய வணிகர்களுடன் ஒப்பந்தம். அவர்கள் கீழேயுள்ள தரகர்களுக்கு. தரகர்கள் கைவேலைக்காரர்களுக்கு முன்பணம். அந்த முன்பணத்தில்தான் நூலும் அரிசியும் வாங்க வேண்டும். அரிசி விலை ஏறினாலும் துணியின் விலை ஏறாது. சரக்கு தரம் குறைவு என்று கழித்துவிட்டால் நஷ்டம் கீழே இருப்பவருக்கு. கடன் கணக்கைப் பார்த்துப் பழகிய எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. முன்பணம் வாங்கியவர் பேரம் பேச முடியாது. உலகத்து அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கும் பாலம்போர்களில் வரைந்தவர் பெயர் அநேகமாக எதிலும் இல்லை.

ஜன்னல் திரைக்கு அபராதம்

சீட்டி அதிகமாகப் போகப் போக அங்கே எதிர்ப்பு கிளம்பியது. முதலில் விரிப்பாக இருந்தது மெதுவாகத் திரை, மெத்தை, நாற்காலி என்று வீடு முழுவதும் பரவிவிட்டது என்று டேனியல் டீஃபோ 1708-ல் எழுதிக் குறைப்பட்டார். ராபின்சன் குரூசோ கதை எழுதிய அதே டீஃபோதான். லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்களுக்கு இது வயிற்றுப் பிரச்சினை. 1719-ல் அவர்கள் தெருவில் இறங்கினார்கள். சீட்டி உடுத்திப் போன பெண்களின் உடையைக் கிழித்தார்கள், மை ஊற்றினார்கள்.

இங்கிலாந்து அரசு இரண்டு தவணையில் சட்டம் போட்டது. 1700-ல் வந்த சட்டம் இந்தியாவிலிருந்து வண்ணம் தீட்டிய துணியை உள்நாட்டு விற்பனைக்குக் கொண்டுவருவதைத் தடுத்தது. 1721-ல் வந்தது அதைவிடக் கடுமை. அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவும் கூடாது. கட்டில், நாற்காலி, மெத்தை, ஜன்னல் திரை என எந்த வீட்டு உபயோகத்துக்கும் வைக்கவும் கூடாது. உடுத்தினால் 5 பவுன் அபராதம், அது காட்டிக்கொடுத்தவருக்கு! ஆனால் லண்டன் வழியாக மற்ற நாடுகளுக்கு அனுப்பத் தடையில்லை. கம்பெனியின் லாபம் நிற்கக் கூடாது அல்லவா?

பிரான்ஸ் இன்னும் முந்திக்கொண்டது. 1686-ல் போட்ட தடை 1759 வரை நீடித்தது. கடத்தல்காரர்களுக்குக் கடும் தண்டனை. ஆனால் சட்டம் போட்ட அரண்மனை வட்டாரத்துப் பெண்களே தங்கள் மாளிகைகளில் அந்தத் துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

இங்கிலாந்தில் 1774-ல் தடை தளர்ந்தது. அதுவும் உள்நாட்டில் நெய்து அச்சிட்ட துணிக்கு மட்டும். அந்தத் துணியின் கரையில் மூன்று நீல இழைகள் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். நம் ரூபாய் நோட்டில் பாதுகாப்பு இழை இருக்கிறதே, அதுபோல! அடுத்த ஆண்டே புகழ்பெற்ற நடிகர் டேவிட் காரிக்கின் மனைவிக்குக் கல்கத்தா நண்பர்கள் பரிசாக அனுப்பிய கட்டில் திரைகளைச் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்துவிட்டார்கள். காரிக் அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதிக் கெஞ்ச வேண்டியிருந்தது. சோழமண்டலக் கரையில் வரைந்த அந்தத் திரைகளை இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

கடிதத்தில் போன கைப்பக்குவம்

தடை போட்டதால் ஆசை போய்விடவில்லை. வெளியிலிருந்து வரக் கூடாது என்றால் உள்ளேயே செய்யலாமே என்று யோசித்தார்கள். அதற்குப் பக்குவம் தெரிய வேண்டும். அது இருந்தது நம் கரையில், தகப்பனிடம் மகன் கற்றுக்கொண்ட கைவேலையாக.

1734 வாக்கில் பொல்யோ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் தன் கண் முன்னால் ஒரு துணியை வரையச் செய்து, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஒரு துண்டு வெட்டி எடுத்து, செய்முறையை எழுதி பாரிஸுக்கு அனுப்பினார். அந்தத் துண்டுகள் இன்றும் அங்கே ஓர் ஆவணத்தில் ஒட்டப்பட்டுப் பத்திரமாக இருக்கின்றன. 1742 ஜனவரியில் கேர்தூ என்ற பாதிரியார், தம்மிடம் மதம் மாறியிருந்த ஓவியர்களிடம் விவரமாகக் கேட்டறிந்து, செய்முறை முழுவதையும் நீண்ட கடிதமாக எழுதினார். அது பிரான்ஸில் அச்சாகி எல்லோர் கைக்கும் போனது. சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உறவு இருப்பதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் என்று மொழியறிஞர்கள் போற்றும் அதே கேர்தூதான் இவர்.

அவர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அறிவு பரவத்தான் வேண்டும். ஆனால் கணக்கில் ஒரு பக்கம்தான் எழுதப்பட்டது. கொடுத்தவர்களுக்கு எந்த வரவும் இல்லை.

பிரான்ஸில் தடை நீங்கிய மறு ஆண்டு, 1760-ல், வெர்சாய் அருகே ழூய் என்ற ஊரில் ஓபர்காம்ஃப் என்பவர் அச்சுத் துணித் தொழிற்சாலை தொடங்கினார். அது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்க்கும் நிறுவனமாக வளர்ந்தது. 'ழூய்த் துணி' இன்றும் உயர்ரக வீட்டு அலங்காரத்தில் பெரிய பெயர். பிரிட்டனில் 1783-ல் தாமஸ் பெல் உருளை அச்சுக்குக் காப்புரிமை பெற்றார். கலம் பிடித்தவர் வாரக்கணக்கில் வரைந்ததைச் செப்பு உருளை ஒரு நாளில் மைல் கணக்கில் ஓட்டித் தள்ளியது.

சீமைத்துணி

பிறகு நடந்தது நமக்குத் தெரிந்த கதை. ஏற்றுமதி செய்த கரைக்கே லங்காஷயர் துணி இறக்குமதியாக வந்து இறங்கியது. 'சீமைத்துணி' என்ற சொல்லே வந்துவிட்டது. இயந்திரத்தின் வேகம் ஒரு காரணம், மறுக்க முடியாது. ஆனால் வரியையும் பாருங்கள். 1840-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றக் குழுமுன் வைக்கப்பட்ட கணக்குப்படி, பிரிட்டிஷ் பருத்தித் துணி இந்தியாவுக்குள் வர மூன்றரை சதவீதம் வரி; இந்தியப் பருத்தித் துணி பிரிட்டனுக்குள் போகப் பத்து சதவீதம். முதலில் நூறாண்டுத் தடை, அந்த நிழலில் தொழில் வளர்ப்பு, வளர்ந்த பிறகு 'தடையற்ற வணிகம்' என்ற உபதேசம்.

வேர் தோண்டியவர்களும் தப்பவில்லை. சாயவேரின் சிவப்புக்குக் காரணமான அலிசரின் என்ற பொருளை 1868-ல் ஜெர்மன் வேதியியலாளர்கள் ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள். 1897-ல் செயற்கை நீலமும் சந்தைக்கு வந்தது. அவுரிக்கும் அந்திமம்.

மலிவானதும் மதிப்பும் இறங்கியது. ஆங்கில நாவலாசிரியை ஜார்ஜ் எலியட் 1851-ல் ஒரு கடிதத்தில் 'சிண்ட்ஸி' என்று ஒரு துணியைத் தாழ்த்திச் சொன்னார். இன்றும் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு மட்டமானது என்று பொருள். தமிழில் நாம் 'சீட்டிதானே' என்கிறோம். இரண்டு மொழியிலும் ஒரே சொல், ஒரே இறக்கம்.

மிச்சம் இருப்பது

நல்ல வேளையாகக் கணக்கு முழுவதும் முடிந்துவிடவில்லை. கோயில்கள் இந்தக் கலையைக் காப்பாற்றின. தேருக்குக் கட்டும் தொம்பை, பந்தலின் மேல்விதானம், வாசல் தோரணம் இவற்றுக்காகக் கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கருப்பூரிலும் சில குடும்பங்கள் தொடர்ந்து வரைந்து வந்தன. கருப்பூர் கலம்காரிக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆந்திராவின் ஸ்ரீகாளஹஸ்தியில் 1950களில் கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சியால் பயிற்சி மையம் வந்து, கலம் பிடிக்கும் கை மறுபடி பெருகியது. மசூலிப்பட்டினம் பக்கம் பெடனாவில் மரஅச்சில் செய்கிறார்கள்.

இனி நம் விஷயம். சமூகக் கூடத்தின் ஜன்னல்களுக்கு ஆயத்த பாலியஸ்டர் திரை வாங்கலாம் என்று ஒரு கருத்து இருக்கிறது. விலையும் குறைவு, துவைப்பதும் சுலபம். அதில் நியாயம் உண்டு. நான் வைக்கும் யோசனை சிறியது. எல்லா ஜன்னல்களுக்கும் வேண்டாம். மேடைக்குப் பின்னால் உள்ள பெரிய சுவருக்கு மட்டும் ஒரே ஒரு கலம்காரித் தொங்கல், வரைபவரிடமே நேராகச் சொல்லிச் செய்து வாங்கலாம். வெயில் நேராகப் படாத இடம் என்பதால் சாயமும் நிற்கும்.

வாங்கும்போது கவனம் வேண்டும். 'கலம்காரி' என்ற பெயரில் கடைகளில் குவிந்திருப்பதில் நிறைய ஸ்கிரீன் பிரிண்ட். கையால் வரைந்ததில் ஒரே பூ இரண்டு இடத்தில் அச்சாக ஒன்றுபோல இருக்காது. கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போகும். மரஅச்சில் ஓர் அச்சு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் மயிரிழை விலகல் தெரியும். அந்த விலகலைக் குறை என்று சொல்லி விலையைக் குறைக்கக் கேட்காதீர்கள். கை வேலை என்பதற்கு அதுதான் கையெழுத்து.

இன்னும் இரண்டு வேண்டுகோள். ஒன்று, ஒப்புக்கொண்ட தொகையில் பாதியை முன்பணமாகவும் மீதியைச் சரக்கு வந்த அன்றே முழுமையாகவும் கொடுத்துவிட வேண்டும், இழுத்தடிக்கக் கூடாது. இரண்டு, துணியின் கீழ் ஓரத்தில் வரைந்தவர் தம் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதித் தரக் கேட்க வேண்டும். முந்நூறு ஆண்டு ஏட்டில் விடுபட்ட ஒரு வரியை நம் கூடத்துச் சுவரிலாவது எழுதிவைப்போம். பொருளாளர் அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.